திருகோணமலைப் புறநகரில் புதிதாகக் குடியேறுகிறீர்களா? குப்பை, கான், மலக்குழி பற்றி முதல் மாதத்திலேயே தெரிந்திருக்க வேண்டியவை

திருகோணமலைக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரம். சாமான் அவிழ்த்த பேப்பர், சமையல் மிச்சம், கடைச் சாப்பாடு சுற்றி வந்த லஞ்ச் சீட் எல்லாவற்றையும் இரண்டு சொப்பிங் பேக்கில் கட்டி, இரவு ஒன்பது மணிக்கு கேற்றுக்கு வெளியே வைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலை சரசரவென்று சத்தம். கதவைத் திறந்தால் கேற்றடியில் ஒரு புள்ளிமான். கோட்டைப் பக்கத்து மான்கள் இரவில் நகரத்துக்குள் வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன், இவ்வளவு கிட்டக் கண்டது அன்றுதான். சோறு ஒட்டிய லஞ்ச் சீட் ஒன்று அதன் வாயில் பாதி உள்ளே, பாதி வெளியே. பறிக்கலாம் என்று ஓடினேன். அது மிரண்டு, மிச்சத்தையும் விழுங்கிக்கொண்டு பாய்ந்துவிட்டது.

வீதி முழுக்க எங்கள் வீட்டுக் குப்பை. கூட்டி அள்ளிக்கொண்டு நின்றபோது முன்வீட்டு அம்மா வந்து சொன்னார்: "பிள்ளை, இந்த ஒழுங்கைக்கு வண்டி செவ்வாயும் வெள்ளியும்தான். இரவிலை வைக்காதேங்கோ, காலமை சத்தம் கேட்டாப் பிறகு கொண்டு வாங்கோ."

அந்த இரண்டு வரியை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த மான் பொலித்தீனை விழுங்கியிருக்காது. அசைபோடும் மிருகத்தின் வயிற்றில் பொலித்தீன் செரிக்காது, வெளியேயும் வராது. சேர்ந்து சேர்ந்து இரைப்பையை அடைத்து, வயிறு நிறைந்தபடியே பட்டினியில் சாகும். இந்த ஊர் மான்களும் கட்டாக்காலி மாடுகளும் இப்படிச் செத்திருக்கின்றன.

அதற்குப் பிறகு புறநகருக்கு வீடு மாறி, பல ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறேன். உப்புவெளி, அலஸ்தோட்டம், ஆண்டாங்குளம், கன்னியா வீதி, சாம்பல்தீவுப் பக்கம் எல்லாம் வெறும் மணல் வளவாகக் கிடந்த இடங்களில் இன்று வரிசையாக வீடுகள். ஒவ்வொரு மாதமும் புதுக் குடும்பம் வருகிறது. வீதியை அசுத்தமாக்க வேண்டும் என்று ஒருவரும் வருவதில்லை. வண்டி எப்போது வரும், எதை எடுக்கும், யாரிடம் கேட்பது என்று தெரியாததால்தான் பை வேலிக்கு வெளியே போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில்: உங்கள் வீடு எந்தச் சபைக்குள்?

"திருகோணமலை" என்று முகவரியில் இருந்தால் எல்லாம் ஒரே சபை என்று நினைக்க வேண்டாம். நகரப் பகுதி மாநகர சபைக்குள் வருகிறது. நகரசபையாக இருந்து தரமுயர்ந்தது என்பதால் பலர் இன்னும் பழக்கத்தில் "நகரசபை" என்றுதான் சொல்வார்கள். நகரைச் சுற்றியுள்ள பகுதிகள் பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்குள். வடக்கே நிலாவெளி என்றால் குச்சவெளி பிரதேச சபை. எல்லை சில இடங்களில் ஒரு வீதியின் நடுவால் போகும். எதிர்ப்பக்க வீட்டுக்கு வண்டி வருகிறது, எங்களுக்கு வரவில்லை என்று கோபப்படுகிறவர்களில் பாதிப்பேர் இந்த எல்லையில்தான் இருக்கிறார்கள்.

அறிவதற்குச் சுலபமான வழி வீட்டு வரித்துண்டு. சோலைவரி என்றும் ஆதனவரி என்றும் சொல்லும் அந்த வரிப் பற்றுச்சீட்டின் தலைப்பில் சபையின் பெயரும், உள்ளே உங்கள் வீட்டு வரி இலக்கமும் இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி வாங்கி வையுங்கள், முறைப்பாட்டுக்கும், மலக்குழியை உறிஞ்சி எடுக்கும் பவுசருக்கும் இந்த இலக்கத்தைத்தான் கேட்பார்கள். வரித்துண்டு கிடைக்காவிட்டால் கிராம அலுவலரிடம் கேட்டால் சொல்வார். சொந்த வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31-க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு.

குப்பை எடுப்பது சபை செய்யும் தயவு இல்லை. வீதியைக் கூட்டுவதும், வீட்டுக் குப்பையை அகற்றுவதும் 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி பிரதேச சபைகளின் கடமை. மாநகர சபைகளுக்கும் அவற்றுக்குரிய கட்டளைச்சட்டத்தில் இதே கடமை உண்டு. கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

நாளும் நேரமும் நிற்குமிடமும்

பக்கத்து வீட்டில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தெந்த நாள்? எத்தனை மணிபோல? வண்டி ஒழுங்கைக்குள் வருமா, சந்தியில் நின்றுவிடுமா?

மூன்றாவது கேள்வி முக்கியம். புது ஒழுங்கைகள் பல பத்தடி அகலம்கூட இல்லை. ட்ரக்டர் பெட்டியோடு உள்ளே திரும்ப இடமிருக்காது. அப்படியானால் நீங்கள்தான் சந்திக்குக் கொண்டுபோக வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டாருடன் முறை வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டுப் பையையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி ஒருவர் கொண்டுபோவோம், வாரத்துக்கு ஒருவர் முறை.

வண்டி வராத நாளில் பையை வெளியே வைக்க வேண்டாம். வைத்துவிட்டால் நாய், மாடு, காகம், நகரப் பக்கமென்றால் மான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு பை கிழிந்தால் போதும், அரை மைலுக்குப் பொலித்தீன் பறந்து வேலி வேலியாகத் தொங்கும். வண்டி தவறிப்போனால் அடுத்த நாள்வரை வளவுக்குள்ளேயே, மூடியுள்ள வாளியில் வைத்திருங்கள். ஈரக் குப்பை அதில் இல்லையென்றால் மணக்காது.

தரம் பிரித்தல்

2017 சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லாவற்றையும் கலந்து ஒரே இடத்தில் குவித்தால் எங்கே போய் முடியும் என்பதை நாடே பார்த்தது. அதன் பிறகுதான் பல சபைகள் பிரிக்காத குப்பையை எடுக்கமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லத் தொடங்கின.

பொது இடங்களில் நிறம் நிறமாக வாளி வைத்திருப்பார்கள். பச்சை, உக்கும் குப்பைக்கு. நீலம், பேப்பருக்கு. செம்மஞ்சள், பிளாஸ்டிக்குக்கும் பொலித்தீனுக்கும். சிவப்பு, கண்ணாடிக்கு. மண்ணிறம், உலோகத்துக்கும் சிரட்டைக்கும். வீட்டில் ஐந்து வாளி வைத்தவர்கள் ஒரு மாதத்தில் கைவிட்டதைத்தான் நான் கண்டிருக்கிறேன். மூன்று போதும்: அடுப்படியில் மூடியுள்ள சிறிய வாளி ஒன்று, பின்பக்கம் இரண்டு உரப்பை.

வாளியில் சமையல் குப்பை. முதல் உரப்பையில் காய்ந்த, சுத்தமான பேப்பர், காட்போட், போத்தல், ரின். இவற்றைப் பழைய இரும்புக்காரர் வாங்கிக்கொள்வார், காசும் தருவார். இரண்டாவது உரப்பையில் மிச்சம்: பொலித்தீன், பிஸ்கட் சுற்றிய தாள், பழைய துணி, உடைந்த செருப்பு. தயிர்க் கோப்பையையும் லஞ்ச் சீட்டையும் ஒருதரம் தண்ணீரில் அலசிப் போடுங்கள். அலசாத ஒரு லஞ்ச் சீட் முழுப் பையையும் மணக்க வைக்கும், மிருகத்தையும் கூப்பிடும். 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனும், லஞ்ச் சீட்டும், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டவை. இருந்தும் கடையில் சுற்றித் தருகிறார்கள். நான் இப்போது எவர்சில்வர் பாத்திரம் கொண்டுபோகிறேன். ஒரு கடையிலும் மறுத்ததில்லை.

பம்பர்ஸும் பெண்களின் பேடும் தனியாகப் பேப்பரில் சுற்றி, பைக்குள் வைக்க வேண்டும். மலசலகூடத்துக்குள் போடவே கூடாது. உடைந்த கண்ணாடி, சவர பிளேட், இன்சுலின் ஊசி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வெட்டுப்படுவது ஒரு மனிதரின் கை.

ஒருநாள் எங்கள் சந்தியில் வண்டியோடு வந்த தொழிலாளர் ஒருவர் பையைத் தூக்கிய வேகத்தில் கையை உதறினார். உள்ளே உடைந்த கிளாஸ். கையுறை போட்டிருந்தார், ஆனால் அது ஏற்கெனவே இரண்டு விரலில் கிழிந்திருந்தது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு அங்குல வெட்டு. ஓடிப்போய்த் தண்ணீரும் துணியும் கொடுத்தேன். அவர் கட்டிக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, கண்ணாடி கிடந்தா வேறையாக் கட்டி, கையிலை தந்து சொல்லுங்கோ. அது போதும்." ஏற்புத்தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று அவரோடு வந்த மற்றத் தொழிலாளர் சொன்னார். ஆனாலும் அவரைப் பிடிவாதமாக அனுப்பிவைத்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் இது. உடைந்த கண்ணாடியைத் தடித்த காட்போட் பெட்டிக்குள் போட்டு, ரேப் ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் "கண்ணாடி" என்று எழுதி, தமிழோடு சிங்களத்திலும் எழுதி, கையில் கொடுப்போம். ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து மூடியை இறுக்கி, கிளினிக் போகும் நாளில் தாதியிடம் கேட்டு ஒப்படைக்கலாம். சாதாரண குப்பையோடு ஊசியைக் கலக்கவே வேண்டாம்.

தொழிலாளர்களின் பெயரைக் கேட்டு வைத்திருங்கள். வெயிலில் வருகிறவர்களுக்கு ஒரு போத்தல் குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். காலை நாலரைக்கே கடைத்தெருவைக் கூட்டத் தொடங்குகிறவர்கள் அவர்கள்.

சமையல் குப்பையை வளவிலேயே முடிப்பது

நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் உக்கும் குப்பைதான். மரக்கறித் தோல், தேங்காய்ப்பூ பிழிந்த சக்கை, தேயிலைச் சக்கை, முட்டைக்கோது. இதை வளவிலேயே உக்க வைத்தால் வண்டிக்குக் கொடுக்க மிஞ்சுவது வாரத்துக்கு ஒரு சிறிய பை.

அடி வெட்டிய பழைய பெரல் போதும். அதன் பக்கச் சுவரில் ஒரு சாண் இடைவெளியில் விரல் பருமனில் ஓட்டை போட்டு, நிழலில், மணலில் நேரே இருத்துங்கள். அடியில் சுள்ளியும் மட்டைத் தும்பும் அரையடி. அதன்மேல் ஒரு பங்கு சமையல் குப்பைக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு. ஒவ்வொரு முறை போட்டதும் சருகால் மூடவேண்டும். மணந்தால் சருகு போதவில்லை, காய்ந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லை. கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. வாரத்துக்கொருதரம் தடியால் கிளறினால் மூன்று மாதத்தில் கறுத்த எரு. இந்த ஊர் மணலில் கத்தரியும் மிளகாயும் வைக்க இதைவிட வேறு வழியில்லை. மணல் தண்ணீரைத் தாங்காது, எரு தாங்கும்.

மீன் செதிலும் குடலும் பெரலுக்குள் வேண்டாம். இது மீன் ஊர், கிழமையில் ஐந்து நாள் மீன் வெட்டுவோம். ஒன்றரை அடி ஆழத்தில் குழி கிண்டி, போட்டு, மேலே சாம்பலோ சருகோ தூவி மண்ணை மிதித்து மூடிவிடுங்கள். தென்னையடியில் புதைத்தால் தென்னைக்கும் நல்லது. அரையடியில் புதைத்தால் இரவே நாய் கிண்டிவிடும்.

பின்னேரம் சருகைக் கூட்டிக் கொளுத்துவது இங்கே பழைய பழக்கம். சருகோடு ஒரு பொலித்தீன் பையும் போய்விடுகிறது. பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதும் 2017-இல் தடைசெய்யப்பட்டது. பக்கத்து வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளை இருந்தால் அந்தப் புகை என்ன செய்யும் என்று அந்தத் தாயைக் கேளுங்கள். சருகு உங்கள் பெரலுக்குத் தேவை, எரிக்காதீர்கள்.

தென்னோலை, வெட்டிய கொப்பு, கட்டட இடிபாடு ஆகியவற்றைச் சாதாரண வண்டி எடுக்காது. சபையில் தனியாகப் பதிந்து, கட்டணம் கட்டி ட்ரக்டர் கேட்க வேண்டும். வீடு கட்டுகிறவர்கள் மேசனிடம் வேலை பேசும்போதே இடிபாட்டை யார் அகற்றுவது என்றும் பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது பக்கத்து வெறும் வளவுக்குத்தான் போகும்.

கானும் நுளம்பும்

வாடைக்காற்றோடு ஒக்டோபரில் மழை தொடங்கினால் ஜனவரிவரை விடாது. செப்டெம்பர் கடைசிக்குள் வீட்டு முன்கானைப் பாருங்கள். மணல் நிரம்பியிருக்கும். உங்கள் வாசலில் போட்ட கொன்கிறீற் பலகையின் கீழ்தான் அடைப்பு இருக்கும், தடியால் குத்திப் பாருங்கள். குசினித் தண்ணீரைக் கானுக்குள் விடாதீர்கள். கான் மழைநீருக்கு மட்டும். எண்ணெயும் சோறும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் சேறாகிவிடும்.

2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நிலத்தில் பாய் விரித்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000-க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு தொடக்கம் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்துக்கொருதரம் வளவைச் சுற்றச் சொல்கிறார்கள். இளநீர்க் கோம்பை, ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கூரைப் பீலி. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். தும்புத்தடியால் உரசிக் கழுவ வேண்டும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நுளம்புக் குடம்பி கண்டால், 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி வழக்கு வரலாம்.

பக்கத்து வெறும் வளவு

புறநகரின் பெரிய தலையிடி இதுதான். சொந்தக்காரர் வெளிநாட்டில், வேலி விழுந்திருக்கும், பற்றை வளர்ந்திருக்கும். ஒருவர் ஒரு பை போடுவார், ஒரு மாதத்தில் அது குப்பை மேடு.

எங்கள் ஒழுங்கை முனையில் இருந்ததை ஐந்து வீட்டார் சேர்ந்து எடுத்தோம். முதலில் கிராம அலுவலரிடம் சொந்தக்காரரின் உறவினர் யாரென்று கேட்டு, தொலைபேசியில் பேசி, உள்ளே இறங்க அனுமதி வாங்கினோம். பிறகு திகதி தெரியும்படி படம் எடுத்து, சபைக்கு எழுத்தில் அறிவித்து, ட்ரக்டருக்குப் பணம் கட்டினோம். ஒரு ஞாயிறு காலை அள்ளி முடித்தோம். அன்று பின்னேரமே சொந்தக்காரரின் செலவில் கம்பி வேலி. மூன்றாம் நாள் வேலிக்கு மேலால் இரண்டு பை வந்து விழுந்தது. எடுத்துத் திறந்து பார்த்தோம், விலாசம் எழுதிய கடித உறை இருந்தது. சண்டை பிடிக்காமல், வண்டி வரும் நாளை எழுதிய துண்டோடு அந்த வீட்டுக்குப் போனோம். புதிதாக வந்த குடும்பம். யாரும் தங்களுக்குச் சொல்லவில்லை என்றார்கள். அதன்பிறகு பை விழவில்லை. இப்போது சந்தி மின்கம்பத்தில் நாளும் நேரமும் எழுதிய பலகை தொங்குகிறது, மூன்று மொழியிலும்.

சொந்தக்காரர் அசையாவிட்டால் சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் எழுதுங்கள். துப்புரவாக்கும்படி சொந்தக்காரருக்கு அறிவித்தல் அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

முறைப்பாடு

வண்டி இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள், பெரும்பாலும் ட்ரக்டர் பழுது என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கும். மூன்றாம் முறை கடிதம். ஒரு பக்கம் போதும்: வரி இலக்கம், ஒழுங்கையின் பெயர், வராத திகதிகள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் தர வேண்டும். உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி. அதற்கும் பதிலில்லையென்றால், 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "எங்கள் வீதிக்கான குப்பை சேகரிப்பு அட்டவணையைத் தாருங்கள்" என்று விண்ணப்பியுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நான் ஒருமுறை செய்தேன். அட்டவணையும் வந்தது, வண்டியும் வந்தது.

மலக்குழி

புறநகரில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தன் குழிதான். கடற்கரை மணலில் தண்ணீர் மட்டம் மேலே நிற்பதால், குழியில் இருப்பது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடி இடைவெளி வேண்டும் என்று பி.எச்.ஐ.மார் சொல்வார்கள். உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது, மதிலுக்கு அந்தப்பக்கத்துக் குழியையும் அளந்து பாருங்கள். சின்னச் சின்னத் துண்டாக வளவு பிரித்து விற்ற இடங்களில் இந்த ஐம்பது அடி கிடைப்பது அரிது. அப்படியானால் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், குழாய்த் தண்ணீரையும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

வீடு எடுக்கும் அன்றே குழியின் மூடி எங்கே என்று கேளுங்கள். எங்கள் முந்தைய வீட்டில் மூடிக்கு மேலேயே மாபிள் பதித்திருந்தார்கள், நிரம்பிய அன்று உடைத்துத்தான் திறந்தோம். காற்றுக் குழாயின் வாயில் நுளம்பு வலைத் துண்டொன்றைக் கட்டிவிடுங்கள்.

குழி நிரம்பினால் சபையில் கலி பவுசருக்குப் பதிய வேண்டும். பதியும்போது வீதியிலிருந்து குழிவரை எத்தனை அடி என்று சொல்லுங்கள், குழாய் எட்டாவிட்டால் வந்த பவுசர் திரும்பிப் போய்விடும். செப்டெம்பருக்குள் எடுத்துவிடுங்கள். மழை தொடங்கினால் நிலத்தடி நீர் ஊறி எல்லார் குழியும் ஒரே கிழமையில் நிரம்பும், பவுசருக்கு வரிசை நீளும். அப்போது எடுத்தாலும் இரண்டு நாளில் தண்ணீர் திரும்ப ஊறிவிடும். பவுசர் போனதும் மூடியைச் சீமெந்தால் பூசி, அது இருக்கும் இடத்தை மதிலில் பெயின்டால் குறித்து வையுங்கள். அடுத்து அந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் தேவைப்படும்.